இரைச்சலுள் இசை

செவிக்கு இனிமை தருவதே இசை என்று நாம் பழகியிருக்கின்றோம். நாதசுரம் கேட்டாலும், வயலின் கேட்டாலும், திரைப்பாட்டுக் கேட்டாலும், முதலில் நாம் தேடுவது இனிமையே. ஆயின், அந்த இனிமையை வேண்டுமென்றே விலக்கி வைத்துவிட்டு, அச்சத்தையும் இருளையும் அழிவையும் பாடும் ஒருவகை இசையும் உலகில் இருக்கின்றது. நம் விடுதிகளிலும் சில அறைகளில் அது ஒலிக்கின்றது. அடுத்த அறையிலிருந்து அது எழும்போது நம்மில் பலர் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். சிலர் அவ்வளவில் நில்லாமல், அதைக் கேட்கும் மாணவனின் குணத்தைப் பற்றியும் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்.

விருப்பு வெறுப்பு அவரவர் உரிமை. ஆனால் ஒன்றை அறியாமல் வெறுப்பது கல்வி கற்பார்க்கு அழகன்று. அறியாமல் வியப்பதும் அவ்வாறே. ஆதலின் அவ்வகை இசையில் பெயர்பெற்ற ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, அதில் என்ன நடக்கின்றது, யார் என்ன வாசிக்கின்றனர், அதன் சிறப்பு யாது, குறை யாது என்று பார்ப்போம். அந்த இசைத்தட்டு, இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த 'கிரேடில் ஆஃப் ஃபில்த்' என்னும் குழு 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குரூவெல்ட்டி அண்ட் தி பீஸ்ட்'. 'கொடுமையும் கொடுவிலங்கும்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம்.

பெயரும் பிறப்பும்

இவ்விசைக்கு ரசிகர்கள் இட்ட பெயர் நீளமானது: காதிக் சிம்ஃபொனிக் பிளாக் மெட்டல். நான்கு சொற்களும் நான்கு வழியாக வந்தவை. ஒவ்வொன்றாக அவிழ்த்தால் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

'மெட்டல்' என்பது மின்கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கி, உரத்த டிரம்ஸ் ஒலியோடு சேர்த்து வாசிக்கும் ராக் இசை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் 'பிளாக் சாபத்' குழுவினரால் உருப்பெற்றது.

'பிளாக் மெட்டல்' என்ற பெயர், நியூகாசில் நகரத்து 'வெனம்' குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டிலேயே சுவீடன் நாட்டில் 'பாத்தரி' என்றொரு குழு தோன்றியது. நாம் பேசப்போகும் இசைத்தட்டின் கதைத்தலைவியின் குடும்பப் பெயரும் அதுவே. 1990-களின் தொடக்கத்தில் இவ்விசை நார்வே நாட்டில் வேரூன்றியது. இசையோடு குற்றமும் அங்கே சேர்ந்து வளர்ந்தது. 1992 முதல் பழமையான மரத் தேவாலயங்கள் சில எரிக்கப்பட்டன. 1993-இல் ஓர் இசைவாணர் மற்றோர் இசைவாணரைக் கொன்று சிறை சென்றார். இவ்விசையின் மேல் படிந்த கறை அது. மறைப்பதற்கில்லை. எனினும், சிலர் செய்த குற்றத்தை அவ்வகையில் வாசிக்கும் அனைவர் தலையிலும் ஏற்றுவது நேர்மையாகாது.

'சிம்ஃபொனிக்' என்பது பல்லிசைக் குழுவின் நிறைவைக் குறிக்கும். பிளாக் மெட்டலில் முதலில் இருந்தவை கிதாரும் டிரம்ஸும் மட்டுமே. 'எம்பெரர்' என்னும் நார்வேக் குழு 1994-இல் வெளியிட்ட இசைத்தட்டில் கீபோர்டு வழியாக எழுந்த வயலின் கூட்டமும் பாடகர் குழுவும் போன்ற ஒலிகள் பின்னால் விரிந்து நின்றன. இது பலருக்கு வழி காட்டியது.

'காதிக்' என்பது இலக்கியத்திலிருந்து வந்த சொல். பாழடைந்த கோட்டை, மறைந்த குற்றம், இறந்தும் அடங்காத ஆவி ஆகியவற்றைப் பாடுபொருளாக உடைய ஆங்கிலப் புனைகதை மரபு அது. 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' அதன் தொடக்கம். 1872-இல் ஷெரிடன் லெஃபானு எழுதிய 'கார்மில்லா'வும், 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வும் அதன் புகழ்பெற்ற பிற்காலக் கிளைகள்.

இந்நான்கு வழிகளும் கூடும் இடத்தில் நிற்பது கிரேடில் ஆஃப் ஃபில்த். சஃபோக் மாவட்டத்தில் 1991-இல் தொடங்கப்பட்ட இக்குழுவின் முதல் முழு இசைத்தட்டு 1994-இல் வந்தது. 1996-இல் வந்த 'டஸ்க் அண்ட் ஹெர் எம்ப்ரேஸ்' இவர்களைப் பரவலாக அறியச் செய்தது. 1998-இல் வந்த நம் இசைத்தட்டில், முதலிலிருந்து முடிவு வரை ஒரே கதையைச் சொல்ல முனைந்தனர்.

கோமாட்டியின் கதை

அக்கதையின் தலைவி எலிசபெத் பாத்தரி. ஹங்கேரி அரசின் உயர்குடி ஒன்றில் 1560-இல் பிறந்தவள். 1575-இல் ஃபெரன்ஸ் நாடாஸ்டி என்னும் படைத்தலைவனை மணந்தாள். 1604-இல் கைம்பெண் ஆனாள். தன் மாளிகைகளில் வேலைபார்த்த இளம்பெண்களைத் துன்புறுத்திக் கொன்றாள் என்பது அவள்மீது எழுந்த குற்றச்சாட்டு. 1610 டிசம்பர் இறுதியில் நாட்டின் தலைமை அதிகாரி ஜியார்ஜ் தூர்சோ அவளைச் சிறைப்படுத்தினார். அவளுடைய பணியாளர் 1611 சனவரியில் விசாரிக்கப்பட்டு, மூவர் கொல்லப்பட்டனர். கோமாட்டியோ வழக்கு மன்றத்தின் முன் நிறுத்தப்படவே இல்லை. தன் கோட்டையிலேயே அடைபட்டு 1614 ஆகஸ்டில் இறந்தாள். அக்கோட்டையின் இடிபாடு இன்று சுலோவாக்கிய நாட்டில் சாக்டிட்சே என்னும் ஊரின் அருகில் இருக்கின்றது.

இளமை குன்றாதிருக்கக் கன்னியரின் குருதியில் அவள் குளித்தாள் என்று ஒரு கதை உலகெங்கும் வழங்குகின்றது. இசைத்தட்டும் அக்கதையையே எடுத்துக்கொண்டது. ஒன்பது பகுதிகள், ஏறக்குறைய 50 நிமிடம். முதலில் பாட்டில்லாத முன்னிசை. பின்பு அவள் இளமை, மணம், கைம்மை, கொடுமை, பிடிபடல், சிறை, சாவு என்று கதை நகர்கின்றது. இறுதியில் மீண்டும் பாட்டில்லாத முடிவிசை. நாடகத்திற்குத் திரை எழுவதும் விழுவதும் போன்ற அமைப்பு.

கோமாட்டியின் பேச்சாக வரும் பகுதிகளுக்குக் குரல் கொடுத்தவர் இன்கிரிட் பிட் என்னும் நடிகை. இத்தேர்வு தற்செயலானதன்று. 'ஹாமர்' என்ற ஆங்கிலப் படநிறுவனம் 1971-இல் வெளியிட்ட 'கவுன்டஸ் டிராகுலா' என்ற படத்தில், பாத்தரியின் கதையை ஒட்டிய தலைமைப் பாத்திரத்தை ஏற்று நடித்தவர் அவரே. 27 ஆண்டு கழித்து, முதிர்ந்த குரலோடு அப்பாத்திரத்திற்கு அவர் மீண்டும் வந்தார்.

முழவும் விரைவும்

இனி வாசிப்புக்கு வருவோம். இவ்விசையைப் புதிதாகக் கேட்பவரை முதலில் தாக்குவது டிரம்ஸ். ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுவதுபோல் இடைவிடாத அடி. 'இதில் என்ன தாளம் இருக்கின்றது?' என்று கேட்கத் தோன்றும்.

தாளம் இருக்கின்றது, மிகக் கறாராகவே இருக்கின்றது. இந்த அடிமுறைக்கு 'பிளாஸ்ட் பீட்' என்று பெயர். கையால் அடிக்கும் 'ஸ்நேர்' என்னும் சிறு முழவும், காலால் மிதித்து அடிக்கும் 'பேஸ் டிரம்' என்னும் பெருமுழவும் மாறி மாறி, ஒரே சீராக, மிக விரைவில் ஒலிக்க வேண்டும். கணக்காகப் பார்ப்போம். நிமிடத்திற்கு 200 தட்டு என்ற நடையில், ஒவ்வொரு தட்டிற்கும் 'தகதிமி' என்று நான்கு எழுத்து அமைத்தால், நிமிடத்திற்கு 800 அடி. நொடிக்கு 13 அடிக்கும் மேல். இரண்டு கால்களும் இரண்டு மிதிகளில் மாறி மாறி இதைச் செய்ய வேண்டும். ஓர் அடி முந்தினாலும் பிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இது தோள்வலியால் நடப்பதன்று. வலிந்து அடிப்பவர் அரை நிமிடத்தில் தளர்ந்துவிடுவார். விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றின் சிறிய அசைவால், உடம்பை இறுக்கம் இல்லாமல் வைத்துக்கொண்டு, குச்சி தானே துள்ளி எழுவதைப் பயன்படுத்தி அடிக்க வேண்டும். மேளம் வாசிப்பார்க்கும் மிருதங்கம் வாசிப்பார்க்கும் இது புதிய செய்தியாகாது. மேற்காலத்தில் சொற்கள் தெளிவாக விழவேண்டுமாயின் கை தளர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களும் பயிற்சியில் கண்டதே.

இந்த இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் நிக்கலஸ் பார்க்கர். அவருடைய சிறப்பு விரைவில் மட்டும் இல்லை. விரைவை எங்கே நிறுத்துவது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரு பாட்டிற்குள்ளேயே பிளாஸ்ட் பீட்டிலிருந்து நடைபோடும் தாளத்திற்கும், அதிலிருந்து பிணஊர்வலம் போன்ற மெதுநடைக்கும், மீண்டும் விரைவுக்கும் மாறுகின்றார். ஒவ்வொரு மாற்றமும் கதையில் ஒரு காட்சி மாறுவதைக் காட்டுகின்றது. ஏழு நிமிடமும் ஒரே விரைவில் ஓடினால் காது மரத்துப்போகும். விரைவே விரைவாகத் தோன்றாது. மெதுநடையின் பக்கத்தில் வைத்தபோதுதான் விரைவுக்கு அச்சுறுத்தும் ஆற்றல் வருகின்றது. இவர் 1999-இல் குழுவை விட்டு, 'டிம்மு போர்கீர்' என்னும் நார்வேக் குழுவில் சேர்ந்தார்.

கிதாரும் கீபோர்டும்

டிரம்ஸின் விரைவோடு இணைந்து ஓடுவது கிதார். ஒரே நரம்பை மேலும் கீழுமாக இடைவிடாது மீட்டி, தனித்தனிச் சுரங்களை ஒரு தொடர்ந்த கோடுபோல் ஆக்குவது இவ்விசையின் வழக்கம். நடுங்கும் ஒலி என்று பொருள்படும் 'டிரெமலோ' என்று அதற்குப் பெயர். அடி நொடிக்குப் பதின்மூன்று என்றால் மீட்டும் பதின்மூன்று. கை நடுங்குவதுபோல் தோன்றினும் உள்ளே கணக்கு பிசகுவதில்லை.

ஸ்டுவர்ட் ஆன்ஸ்டிஸ், ஜியன் பயர்ஸ் என்ற இருவர் இத்தட்டில் கிதார் வாசித்தனர். நார்வேக் குழுக்கள் பல, கிதார் ஒலியைப் பனிப்படலம்போல் பரப்பிவிடுவதை விரும்பின. இவர்கள் வழி சற்று வேறு. ஒருவர் ஒரு மெட்டை வாசிக்க, மற்றவர் அதே மெட்டைச் சில சுரம் தள்ளி இணையாக வாசிக்கும் பழைய ஆங்கில முறையையும் இவர்கள் கைக்கொண்டனர். 'அயன் மெய்டன்' என்ற இங்கிலாந்துக் குழுவால் புகழ்பெற்ற முறை அது. அக்குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை இவர்கள் இத்தட்டின் சிறப்புப் பதிப்பில் வாசித்துச் சேர்த்ததிலிருந்தே கடன் யாரிடம் பெற்றது என்பது விளங்கும். ராபின் கிரேவ்ஸ் வாசித்த பேஸ் கிதாரும் கிதாரின் நிழலாக ஒதுங்கிவிடாமல் பல இடங்களில் தனக்கென ஒரு மெட்டைத் தேடிச் செல்கின்றது.

இந்த ஒலிகளுக்கெல்லாம் கோட்டையும் வானமும் அமைத்துத் தருவது கீபோர்டு. 'லெக்டர்' என்ற புனைபெயரில் லெஸ் ஸ்மித் அதை வாசித்தார். தேவாலய ஆர்கன், வயலின் கூட்டம், பாடகர் குழு, மணி, பியானோ ஆகிய எல்லாம் ஒருவர் கையிலிருந்தே எழுகின்றன. பெரிய பல்லிசைக் குழுவை அமர்த்த அன்று இவர்கள் முனையவில்லை. 2003-இல் வெளியிட்ட மற்றோர் இசைத்தட்டில்தான் புடாபெஸ்ட் நகரத்துப் பல்லிசைக் குழுவும் பாடகர் குழுவும் இவர்களோடு இசைத்தன. ஆயினும் 1998-இன் கீபோர்டுக்கு ஒரு நன்மை இருந்தது. ஐம்பது பேரை வைத்துக்கொண்டால் ஐம்பது பேருக்கும் வேலை கொடுக்கத் தோன்றும். ஒருவரே வாசிக்கும்போது, எங்கே ஒலிப்பது, எங்கே வாளாவிருப்பது என்ற தேர்வு கூர்மையாகின்றது. கிதார்கள் நெருங்கி ஒலிக்கும் இடத்தில் கீபோர்டு நீண்ட ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கின்றது. கிதார்கள் ஓயும் இடத்தில் மெட்டைத் தான் ஏற்கின்றது.

குரல்

பலரைத் துரத்திவிடுவது டானி ஃபில்த் என்பவரின் குரல். கிறீச்சிடும் உச்சக் குரல், அடிவயிற்று உறுமல், காதோரம் பேசும் கிசுகிசுப்பு என்று மூன்று நான்கு குரல்களை அவர் ஒரே பாட்டில் பயன்படுத்துகின்றார். இவற்றைத் தனித்தனியே பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் வைக்கின்றனர்.

இத்தகைய குரலுக்கும் முறை உண்டு. நாம் பேசும்போது அதிரும் குரல்நாண்களுக்கு மேலே மற்றோர் இணை மடிப்புகள் இருக்கின்றன. கரகரப்பு ஒலியைப் பயின்றவர்கள், மூச்சை அளவாக விட்டு அம்மடிப்புகளையும் அதிரச் செய்கின்றனர். பயிலாதவர் தொண்டையை இறுக்கிக் கத்தினால் சில நாளில் குரலே போய்விடும். ஆண்டுதோறும் நூறு மேடைகளில் கத்தி, மறுநாளும் பேச முடிகின்றது என்றால் அங்கே மூச்சுப் பயிற்சி இருக்கின்றது என்றே பொருள்.

அக்குரலுக்கு எதிராகச் சேரா ஜெசபெல் டேவா என்னும் பாடகியின் தெளிந்த, உயர்ந்த குரல் வருகின்றது. கொல்பவளின் ஆசையும் கொல்லப்படுபவரின் ஓலமும் ஒரே காட்சியில் நிற்பது போன்ற உணர்ச்சி அப்போது உண்டாகின்றது. கரிய சுவரில் வெண்கோடு எளிதில் தெரிவது போல, கரகரப்பின் நடுவே அவர் குரல் சில நொடியே வந்தாலும் நெஞ்சில் தங்கிவிடுகின்றது.

இத்தனையும் ஒருங்கே காண விரும்புவோர் 'பாத்தரி ஏரியா' என்ற பகுதியைக் கேட்கலாம். 11 நிமிடம், மூன்று உட்பிரிவு. 'ஏரியா' என்பது இசைநாடகத்தில் ஒரு பாத்திரம் தனியே நின்று தன் உள்ளத்தைப் பாடும் இடத்திற்கு ஐரோப்பியர் இட்ட பெயர். கோட்டைக்குள் அடைபட்ட கோமாட்டியின் இறுதிக் காலம் இங்கே பாடுபொருள். தட்டின் மற்றப் பகுதிகளில் ஓடிய விரைவு இங்கே பெரிதும் அடங்குகின்றது. ஓடுபவளுக்குத்தானே விரைவு? சுவருக்குள் இருப்பவளுக்கு நேரம் மெல்லத்தான் நகரும். இசையின் நடையே அச்செய்தியைச் சொல்லிவிடுகின்றது.

மறைந்துபோன உழைப்பு

இவ்வளவு சிறப்பும் உடைய இசைத்தட்டு வெளிவந்தபோது, கேட்டவர் பலர் ஒரு குறையைச் சொன்னார்கள். டிரம்ஸின் ஒலி சரியில்லை என்பதே அது. பார்க்கர் வாசித்ததில் குறையில்லை. பதிவில் அது ஒலித்த முறையில்தான் குறை. பெருமுழவின் ஆழமும் கனமும் மெலிந்துபோய், தட்டச்சுப் பொறியின் விசைகளைத் தட்டுவது போன்ற 'டக் டக்' ஒலியே முன்னால் நின்றது.

இதன் காரணத்தை அறிய, ஒலிக்கலவை என்ற கலையைச் சற்று அறிய வேண்டும். ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பதிவாகின்றது. பின்பு அவற்றை ஒன்றாகச் சேர்க்கும்போது, எது எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், எதன் கீழ் ஒலியைக் குறைக்க வேண்டும், எதன் மேல் ஒலியைக் கூட்ட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கின்றார். நம் காதுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே உயரத்தில் இரண்டு ஒலிகள் எழுந்தால், உரத்தது மற்றதை மூடிவிடும். கரகரத்த கிதார் இரண்டு, கீபோர்டின் பாடகர் குழு, கிறீச்சிடும் குரல், முழவின் முனை ஒலி ஆகிய எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்திற்குப் போட்டியிடுகின்றன. மெதுவான இசையில் அடிக்கும் அடிக்கும் இடையே இடைவெளி இருக்கும். ஒரு கருவி ஓயும்போது மற்றது கேட்கும். நொடிக்குப் பதின்மூன்று அடி விழும் இடத்தில் இடைவெளி எங்கே? பெருமுழவின் கனத்தை முழுவதும் விட்டால் அடிகள் ஒன்றோடொன்று குழம்பி வெறும் முழக்கமாகிவிடும். கனத்தை நீக்கினால் தட்டச்சு ஒலிதான் மிஞ்சும். இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பதுதான் இவ்விசையில் மிகக் கடினமான வேலை.

21 ஆண்டுக்குப் பின், 2019-இல், ஸ்காட் அட்கின்ஸ் என்ற ஒலிப்பதிவாளரைக் கொண்டு அதே பதிவுகளைக் குழுவினர் மீண்டும் கலந்து வெளியிட்டனர். அன்று வாசித்த வாசிப்பு, அன்று பாடிய பாட்டு. கலவை மட்டும் புதிது. பெருமுழவுக்கு உடம்பு வந்தது. கருவிகளுக்கிடையே காற்றோட்டம் வந்தது. முன்பு மங்கலாக இருந்த கிதார் வரிகள் தெளிந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் வியக்காமல் இருக்க முடியாது. ஓர் இளைஞர் தம் உடல்வலிமையெல்லாம் கொட்டி வாசித்த வாசிப்பின் நுட்பம் இத்தனை ஆண்டு பாதி மறைந்தே கிடந்திருக்கின்றது!

பழைய கலவையை விரும்புவோரும் இருக்கின்றனர். அந்த மெலிந்த, குளிர்ந்த ஒலியே அவர்கள் இளமையில் கேட்டது. மாற்றினால் அது வேறு தட்டு என்கின்றனர். அதிலும் நியாயம் இருக்கின்றது. ஆயினும் இந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. கூட்டிசையில் ஒருவருடைய திறமை அவர் கையில் மட்டும் இல்லை. மற்றவர் இடம் விட்டால்தான் அது கேட்கும். விரைந்து வாசிப்பது பயிற்சியால் வரும். பக்கத்தில் இருப்பவர் ஒலிக்கும் வண்ணம் தான் அடங்குவது அதனினும் அரிய திறமை. இத்தட்டில் வாசித்தவர்கள் அத்திறமையைப் பல இடங்களில் காட்டினார்கள். கலந்தவர் கை அதைக் காப்பாற்றவில்லை.

அச்சமும் அறமும்

இனி ஒரு கேள்வி எஞ்சுகின்றது. கொடுமையைப் பாடுவது கலையாகுமா?

அச்சம் கலைக்குப் புறம்பானதன்று. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் இளிவரலும் உள்ளன. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் காட்சியைப் படித்த நமக்கு, குருதியும் பேயும் பாட்டில் வருவது அதிர்ச்சி தர வேண்டியதில்லை. அச்சத்தை உருவாக்கிக் காட்டுவதும் ஒரு கலைத்திறமே.

ஆயின், உண்மையில் வாழ்ந்து மறைந்த ஒருத்தியின் பெயரைச் சொல்லிப் பாடும்போது பொறுப்பு மிகுகின்றது. குருதிக் குளியல் கதையை எடுத்துக்கொள்வோம். விசாரணையில் ஏறக்குறைய முந்நூறு பேர் வாக்குமூலம் அளித்தனர். அடித்தல், சுடுதல், பட்டினியிடல் ஆகிய கொடுமைகளை அவை கூறுகின்றன. குருதியில் குளித்ததாகக் கூறவில்லை. அக்கதை முதன்முதலில் அச்சேறியது 1729-இல், லாஸ்லோ தூரோட்சி என்ற பாதிரியார் எழுதிய வரலாற்று நூலில். அவள் இறந்து 115 ஆண்டு ஆகிவிட்டது. மேலும், ஹங்கேரியின் மன்னர் அவள் கணவன் குடும்பத்திற்குப் பெரும் பணம் கடன்பட்டிருந்தார் என்பதையும், அவளுக்குப் பரந்த நிலங்கள் இருந்தன என்பதையும் காட்டி, குற்றச்சாட்டில் அரசியல் கலந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். மற்றும் சிலர், இத்தனை சாட்சிகளும் பொய்யாகா என்கின்றனர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இசைத்தட்டு இவ்வழக்கிற்குள் புகவில்லை. முகப்புப் படத்திலும் குருதித் தொட்டியையே வைத்தது. கலைஞன் கட்டுக்கதையை எடுத்தாள்வது குற்றமில்லை; நாடகத்திற்கு அது உரிமை. ஆனால் ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. அக்கோட்டையில் உண்மையிலேயே இறந்தவர்கள், வேலைக்கு வந்த ஏழைப்பெண்கள். கோமாட்டிக்கு ஒரு நடிகையின் குரலும் 11 நிமிட ஏரியாவும் கிடைத்தன. அப்பெண்களுக்குக் கிடைத்தது ஓலம் மட்டுமே. இத்தட்டின் கலவையில் முழவு மறைந்ததுபோல், கதையில் அவர்கள் மறைந்துபோனார்கள். 2019-இல் முழவுக்குக் கிடைத்த நியாயம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேட்கும் முறை

கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். முதல் முறை கேட்கும்போது குரலைப் பொருட்படுத்த வேண்டா. டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். கையால் தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டும் ஒரு தட்டுக்குள் நான்கு அடி ஒளிந்திருப்பதைக் காண்பீர்கள். இரண்டாம் முறை இரு கிதார்களும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். மூன்றாம் முறை கீபோர்டு எங்கே ஓய்கின்றது என்று மட்டும் கேளுங்கள். அதன்பின் குரலைக் கேட்டால், இரைச்சலாக இருந்தது ஏழு பேர் கூடிச் செய்யும் வேலையாக உருமாறியிருக்கும். 1998-இன் கலவையில் ஒரு முறையும் 2019-இன் கலவையில் ஒரு முறையும் கேட்டால் பாடம் முழுமையாகும்.

அவ்வளவும் செய்த பின்பும் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் கூறலாம். அது கேட்டறிந்தவர் கூறும் தீர்ப்பு, மதிக்கத்தக்கது. 'மிகவும் பிடித்தது' என்று மற்றொருவர் கூறலாம். அவருக்கு நாம் கூறவேண்டியது, குருதித் தொட்டியை வரலாறாக நம்பிவிடாதீர் என்பதே. அடுத்த அறையின் ஒலி இரவு பத்து மணிக்கு மேலும் எழுந்தால், சென்று கதவைத் தட்டிக் குறைக்கச் சொல்லலாம். தேர்வுக் காலத்தில் அது நம் உரிமை. அவ்வொலியை வைத்து அறைக்குள் இருப்பவனை அளக்க மட்டும் வேண்டா.